திருத்தத் தெரிந்த கண்கள்





ஆண்டு விழா, விளையாட்டு விழா, அறிவியல் கண்காட்சி என்று பள்ளிகள் களைகட்டும் மாதங்களில் எங்கள் இதழின் அலுவலகத்துக்குப் படங்கள் வந்து குவியும். அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். பல நேரம் மாணவர்களே எடுத்துத் தந்த படங்கள் அவை. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பதில் எங்களுக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. கூடவே ஒரு வருத்தமும் சேர்ந்துகொள்கிறது. நல்ல தருணத்தைப் பிடித்த படம், வாட்ஸ்அப்பில் வந்ததால் அளவு சுருங்கி, அச்சில் தபால்தலை அளவுக்குத்தான் தாங்கும். இன்னொரு படத்தில் பிள்ளைகளின் முகங்கள் இருளில் கிடக்கும். மற்றொன்றில் செல்போன் ஃபில்டர் எல்லா முகங்களையும் ஒரே வெளுப்பாக வழித்துவிட்டிருக்கும். யார் யார் என்று அவர்களின் வகுப்பாசிரியருக்கே அடையாளம் தெரியாது.

இத்தனைக்கும் இன்றைய பிள்ளைகள் படத்தைத் திருத்தாதவர்கள் அல்ல. கையில் போன் கிடைத்த நாளிலிருந்தே திருத்துகிறார்கள். ஏன் திருத்துகிறோம், எதுவரை திருத்தலாம், திருத்தினால் படத்துக்கு என்ன ஆகிறது என்பதை மட்டும் யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. அதைச் சொல்லித் தர வேண்டிய இடம் வகுப்பறை. படத்தைத் தன் கையால் திருத்திப் பழகிய பிள்ளை, அடுத்தவர் திருத்திய படத்தைப் பார்த்து எளிதில் ஏமாறாது. என் நம்பிக்கை இதுதான். இந்த இதழில் உங்களோடு பேச நினைப்பதும் இதைத்தான்.

புகைப்படத்தைப் பள்ளியில் கற்றுத்தருவது நமக்குப் புதிதல்ல. அலெக்சாண்டர் ஹண்டர் 1850-ல் தொடங்கிய சென்னை கலைப் பள்ளியில் அந்தப் பத்தாண்டிலேயே புகைப்படக் கலை கற்பிக்கப்பட்டது. அதே காலத்தில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர் லின்னேயஸ் ட்ரைப். மதுரையையும் தஞ்சாவூரையும் அவர் எடுத்த படங்கள் இன்றும் உலக அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படுகின்றன. அன்றைய நெகட்டிவ்கள் நீல நிறத்துக்கு மிகையாக வினைபுரியும். அதனால் வானம் மேகமே இல்லாமல் வெற்று வெள்ளையாகத்தான் பதியும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவின் மேல் வண்ணம் பூசி, மேகங்களைக் கையால் வரைந்து சேர்த்தார்.

அவர் செய்த இன்னொரு வேலையும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒரே படத்தில் அடக்க முடியாது. 1858-ல் அதைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டி, 19 அடிக்கும் நீளமான ஒரே படமாக ஆக்கினார். இன்று செல்போனில் ‘பனோரமா’ என்று நாம் தட்டுவதை அவர் கத்தரியும் பசையும் கொண்டு செய்திருக்கிறார்.

இந்த இரண்டு திருத்தங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பில் காட்டிப் பாருங்கள். கல்வெட்டுப் படம், அங்கே இருப்பதை முழுதாகக் காட்டுவதற்காகச் செய்த திருத்தம். மேகம், கேமராவில் பதியாததைக் கையால் சேர்த்த திருத்தம். அன்று வானத்தில் மேகம் இருந்ததா, இருந்தாலும் அந்த வடிவில்தான் இருந்ததா? இரண்டும் ஒன்றா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். படத் திருத்தம் என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை.

அண்மையில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் இதைக் கற்றுக்கொள்வதைக் கிட்டத்தில் உட்கார்ந்து பார்த்தேன். திரையில் இருந்தது அவர்களின் குழுப் படம். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவருக்கு முன்னால், நல்ல வெயிலில் எடுத்தது. சுவர் பளீரென்று இருந்தது. முகங்கள் கறுத்துக் கிடந்தன. ஆசிரியை முதலில் திருத்தச் சொல்லவில்லை. ‘ஹிஸ்டோகிராம்’ என்ற வரைபடத்தைத் திறந்து காட்டினார். எட்டாம் வகுப்புக் கணக்கில் நிகழ்வுச் செவ்வகம் வரைந்திருக்கிறார்களே, அதேதான். இடது ஓரத்தில் 0, முழுக் கறுப்பு. வலது ஓரத்தில் 255, முழு வெள்ளை. இடையில் உள்ள ஒவ்வொரு ஒளி அளவிலும் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதை அது காட்டும்.

“நம்ம முகமெல்லாம் இதுல எங்க இருக்கு?” என்று கேட்டார். பிள்ளைகள் இடது பக்கத்து மேட்டைக் காட்டினார்கள். “சுவரு?” வலது ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்ற கோட்டை ஒரு பையன் எழுந்து போய்த் தொட்டுக் காட்டினான்.

முகங்கள் ஏன் இருண்டன என்பதற்கு அடுத்து விளக்கம் வந்தது. கேமராவின் ஒளிமானி தன் முன்னால் உள்ள காட்சி, சராசரியாக, வரும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்கிறது. எதிரே வெள்ளைச் சுவர் வந்தால், வெளிச்சம் அதிகம் என்று கணக்குப் போட்டு ஒளியைக் குறைத்துவிடும். சுவருக்காகக் குறைத்த ஒளியில் முகங்கள் அடிபட்டுப் போகின்றன. குற்றம் முகத்தின் நிறத்தில் இல்லை. எந்த முகத்தையும், எந்த நிறத்தையும் தெளிவாக எடுக்கலாம். முகத்துக்கு ஏற்ற ஒளியை வைக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு ‘லெவல்ஸ்’ கருவியைத் திறந்து, நடு முக்கோணத்தை ஒரு மாணவியை நகர்த்தச் சொன்னார். கொஞ்சம் கொஞ்சமாக முகங்கள் மேலே வந்தன. கண்கள் தெரிந்தன, காதுக் கம்மல் தெரிந்தது, கடைசி வரிசையில் நின்றவனின் சிரிப்பு தெரிந்தது. “இன்னும் தள்ளு, இன்னும் வெளுப்பாகட்டும்” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். ஆசிரியை கையமர்த்தினார். “போதும்பா. கண்ணு தெரியுது, கம்மல் தெரியுது. இதுக்கு மேல தள்ளினா அது வெளிச்சம் இல்ல, வேற ஆளு.”

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பாடம் நம் எல்லாப் பள்ளிகளுக்கும் வர வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நிறத்தை வைத்துக் காயப்படுவது நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே தொடங்கிவிடுகிறது. ஸ்டூடியோவில் “கொஞ்சம் செவப்பா போடுங்க” என்று பெற்றோர் கேட்பதைக் கேட்டு வளர்கிறார்கள். பிறகு போனில் இருக்கும் அழகு ஃபில்டர் யாரும் கேட்காமலே அதைச் செய்துவிடுகிறது. இதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருப்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பிவந்தது. ‘ஷெர்லி அட்டை’ என்று பெயர். பல பத்தாண்டுகள் அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான். அந்த முகத்துக்குப் பொருந்தினால் சரி. கறுத்த முகங்கள் விவரம் இழந்து போனால் அது கணக்கில் வரவில்லை. கருவியைச் செய்தவர்கள் யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்று தெரிந்துகொண்ட பிள்ளை, தன் முகத்தில் குறை தேடாது. கருவியைத் தனக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும்.

அடுத்து, பிள்ளைகள் மிகவும் விரும்பும் கருவி ‘க்ளோன் ஸ்டாம்ப்’. படத்தின் ஓரிடத்தில் உள்ளதை எடுத்து இன்னோரிடத்தில் பதிப்பது. கோபுரத்தின் குறுக்கே போகும் மின்கம்பியை வானத்தின் நீலத்தைக் கொண்டு அழித்துவிடலாம். ஐந்து நிமிடத்தில் கைவந்துவிடும். கைவந்ததும் எதையும் அழிக்கலாம் என்ற துணிச்சலும் வந்துவிடும். அந்த இடத்தில்தான் ஆசிரியர் இரண்டு கதைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 1982 பிப்ரவரி மாத ‘நேஷனல் ஜியாகிரஃபிக்’ இதழின் அட்டை. எகிப்தின் கீசா பிரமிடுகளை அகலவாக்கில் எடுத்த படம், நெடுக்காக இருக்கும் அட்டையில் பொருந்தவில்லை. கணினியில் பிரமிடுகளை நெருக்கி வைத்து அச்சிட்டுவிட்டார்கள். ஃபோட்டோஷாப் கடைக்கு வருவதற்கு 8 ஆண்டுகள் முன்பு நடந்தது இது. பல ஆயிரம் ஆண்டுகள் அசையாத பிரமிடு ஓர் அட்டைக்காக நகர்ந்தது என்ற விவாதம் இன்றுவரை பத்திரிகை வகுப்புகளில் நடக்கிறது.

இரண்டாவது, 2006 ஆகஸ்ட். பெய்ரூட் நகரின் மீது நடந்த குண்டுவீச்சுக்குப் பின் எழுந்த புகையை, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்குப் படம் கொடுத்துவந்த ஒருவர் க்ளோன் கருவியால் அடர்த்தியாக்கியிருந்தார். இணையத்தில் பார்த்தவர்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எப்படி? ஒரே புகைச்சுருள் அடுத்தடுத்து அச்சுப் பதித்தாற்போல் திரும்பத் திரும்ப வந்திருந்தது. இயற்கையில் இரண்டு புகைச்சுருள் ஒன்றுபோல் இருக்காது. ராய்ட்டர்ஸ் அவருடனான தொடர்பை முறித்துக்கொண்டு, அவர் எடுத்த படங்கள் அத்தனையையும் தன் விற்பனைத் தொகுப்பிலிருந்து நீக்கியது. அந்தப் பித்தலாட்டத்தைப் பிடித்தது க்ளோன் கருவியின் சுவடு தெரிந்த கண்கள். அந்தக் கண்களைத்தான் நம் பிள்ளைகளுக்கும் கொடுக்கச் சொல்கிறேன்.

இதிலிருந்து வகுப்புக்கு ஓர் எளிய நெறி கிடைக்கிறது. வெளிச்சத்தைச் சரிசெய்யலாம், சாய்ந்த அடிவானத்தை நேராக்கலாம், தேவையற்ற ஓரத்தை வெட்டலாம். நடந்ததைக் காட்டும் படம் என்றால் எதையும் சேர்க்கவோ நீக்கவோ கூடாது. வாழ்த்து அட்டை, நாடகச் சுவரொட்டி, கதைக்கான ஓவியம் என்றால் கற்பனைக்குத் தடையில்லை. ஆனால் ‘இது உருவாக்கிய படம்’ என்று கீழே எழுத வேண்டும். ஒவ்வொரு படத்தோடும் என்னென்ன மாற்றினேன் என்று மாணவரே இரண்டு வரி எழுதித் தர வேண்டும். இந்த இரண்டு வரிதான் பாடத்தின் உயிர். அதை எழுதப் பழகியவர், எழுதக் கூசும் மாற்றத்தைச் செய்ய மாட்டார்.

கணினி ஆசிரியரோடு நின்றுவிட வேண்டிய பாடமும் அல்ல இது. மூலிகைத் தோட்டத்து இலையைப் படமெடுத்து, பக்கத்தில் அளவுகோலை வைத்து, பின்னணியை நீக்கித் தொகுத்தால் தாவரவியல் ஆல்பம் ஆகிறது. 4-க்கு 6 அங்குலப் படத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சிட எத்தனை புள்ளிகள் வேண்டும் என்று கேட்டால் கணக்கு ஆகிறது. விடை 1200-க்கு 1800. படத்துக்குப் பொருத்தமாக ஒரே ஒரு வரி எழுது என்றால் தமிழாசிரியர் மகிழ்ந்துபோவார்.

வரலாற்றுக்கு இதன் பயன் இன்னும் பெரிது. கீழ்வாலை போன்ற இடங்களின் பாறை ஓவியங்கள் செங்காவி நிறத்தில் மங்கிப்போய் இருக்கின்றன. வெறும் கண்ணுக்குக் கறைபோலத் தெரிவது, நிறங்களின் வேறுபாட்டைக் கணினியில் விரித்துக் காட்டும்போது மனித உருவமாகவும் விலங்காகவும் எழுந்து வரும். ‘டீஸ்ட்ரெட்ச்’ என்ற மென்பொருளை உலகெங்கும் பாறை ஓவிய ஆய்வாளர்கள் இதற்காகவே பயன்படுத்துகிறார்கள். தேய்ந்த கல்வெட்டைப் பக்கவாட்டு வெயிலில் எடுத்து, ஒளி நிழல் வேறுபாட்டைக் கூட்டினால் தடவிப் பார்த்தும் பிடிபடாத எழுத்து கண்ணுக்குப் புலப்படும். தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இயங்கும் பள்ளிகள் தங்கள் ஊர்க் கோயிலிலிருந்தே தொடங்கலாம். திருத்தம் என்றால் மறைப்பது என்று நினைத்திருந்த பிள்ளைக்கு, மறைந்ததை வெளிக்கொணர்வதும் திருத்தம்தான் என்று அன்று தெரியும்.

“இதற்கெல்லாம் வசதி எங்கே?” என்று கேட்கலாம். வசதி நாம் நினைப்பதைவிட அருகில் இருக்கிறது. ‘கிம்ப்’ என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம், யாரும் நகலெடுத்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் படித்துக்கொண்டிருந்த இரண்டு மாணவர்கள் 1995-ல் தொடங்கிய வேலை அது. ஃபோட்டோஷாப்பின் முதல் வித்தும் தாமஸ் நோல் என்ற ஆராய்ச்சி மாணவர் 1987-ல் எழுதிய நிரல்தான்; அது 1990-ல் விற்பனைக்கு வந்தது. மாணவர்கள் உருவாக்கிய கருவிகளை மாணவர்களுக்குக் கற்றுத்தருவதில் என்ன தயக்கம்?

பக்கத்து மாநிலமான கேரளம் 2001-ல் ‘ஐடி@ஸ்கூல்’ திட்டத்தைத் தொடங்கிக் கட்டற்ற மென்பொருளையே பள்ளிகளில் நிலைநாட்டியது. அங்கே உயர்நிலைப் பள்ளித் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் கிம்ப் இடம்பெற்றது. 2018-ல் தொடங்கிய ‘லிட்டில் கைட்ஸ்’ மன்றங்களின் பிள்ளைகள் பள்ளி நிகழ்ச்சிகளைத் தாங்களே படமெடுத்துத் தொகுக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் அரசுப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் இருக்கின்றன. மேல்நிலைக் கணினிப் பயன்பாடுகள் பாடநூலில் பல்லூடகமும் பேஜ்மேக்கரும் இடம்பெற்றிருக்கின்றன. அடித்தளம் போட்டாயிற்று, அதன் மேல் ஆறு பாடவேளைகளை ஒதுக்கினால் போதும்.

முதல் பாடவேளையில் படங்களைப் பார்ப்பதும் பேசுவதும் மட்டும். இரண்டாவதில் வெட்டுதலும் நேராக்குதலும். மூன்றாவதில் ஹிஸ்டோகிராமும் வெளிச்சமும். நான்காவதில் நிறச் சமன்பாடு. டியூப்லைட்டில் எடுத்த படம் ஏன் பச்சை பூக்கிறது என்று பார்ப்பது. ஐந்தாவதில் லேயர்கள்; கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேண்டிய தாளில் மட்டும் எழுதுவதுபோல வேலை செய்யக் கற்பது. ஆறாவதில் க்ளோன் கருவியும் அதன் நெறியும். கணினி இல்லாத பள்ளியில் ஆசிரியரின் போனில் ‘ஸ்னாப்சீட்’ செயலியை வைத்தே முதல் நான்கையும் நடத்திவிடலாம். ஒன்றை மட்டும் முதல் நாளே பழக்கிவிடுங்கள்: மூலப் படத்தின் மேல் ஒருபோதும் சேவ் செய்யக் கூடாது. நகலெடுத்து, நகலில்தான் கை வைக்க வேண்டும். ஜேபெக் படத்தை மாற்றி மாற்றிச் சேமிக்கச் சேமிக்க விவரம் குறைந்துகொண்டே போகும், போனது திரும்பாது.

பெற்றோர் சிலருக்கு ஓர் அச்சம் இருக்கும். மார்ஃபிங் செய்து பெண் பிள்ளைகளை மிரட்டும் கொடுமை நடக்கும் காலத்தில், அதற்கான வித்தையை நாமே கற்றுக்கொடுப்பதா என்று. அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த வித்தை இன்று யார் போனிலும் கிடைக்கிறது. பள்ளியில் கிடைக்காமல் இருப்பது அதைப் பற்றிய பேச்சுதான். அடுத்தவர் படத்தைக் கேட்காமல் எடுப்பதும் மாற்றுவதும் பகிர்வதும் ஏன் தவறு என்று பெயர் சொல்லிப் பேசிய வகுப்பில், பாதிக்கப்பட்ட பிள்ளை வாய்திறந்து சொல்லும் துணிவு பெறும். குழந்தைகளின் ஆபாசப் படங்களை உருவாக்குவதும் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி குற்றம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930. இந்த இரண்டு எண்களும் கணினி அறையின் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். போனில் எடுத்த படத்தோடு எடுத்த நேரமும், சில சமயம் இடமும் ஒட்டிக்கொண்டு போகும் என்பதையும், அதை நீக்கிவிட்டுப் பகிரும் முறையையும் சேர்த்தே கற்றுத்தருவோம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, வாயால் சொன்னால் படம் மாறிவிடுகிறதே, இனிக் கையால் கற்று என்ன பயன் என்றும் கேட்கிறார்கள். கை வேலை குறையலாம். எதை மாற்றுவது, எதை விடுவது என்ற முடிவு நம்மிடம்தான் இருக்கிறது; அந்த முடிவுக்குப் பழக்கம் வேண்டும். நிழல் ஒரு பக்கம், வெளிச்சம் இன்னொரு பக்கம் என்று முரணாக விழுந்திருப்பதைத் தானே ஒட்டு வேலை செய்து பார்த்தவர்தான் சட்டென்று கவனிப்பார். பொய்ப் படம் செய்வது எளிதாக எளிதாக, பார்க்கத் தெரிந்தவர்களின் தேவை கூடிக்கொண்டேதான் போகும்.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் இந்த ஆறு பாடவேளைகளை நடத்திப் பாருங்கள். மாணவர்கள் திருத்திய படத்தையும் மூலப் படத்தையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள். என்ன மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று அவர்கள் எழுதிய இரண்டு வரியும் கூடவே இருக்கட்டும். படத்தில் இருப்பவர்களின், அவர்களுடைய பெற்றோரின் சம்மதத்தை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்புங்கள்; அளவு சுருங்காது. வரும் இதழ்களில் இரண்டு படங்களையும் அருகருகே, அந்த இரண்டு வரியோடு வெளியிடுகிறோம். மிக அழகான படத்தைத் தேட மாட்டோம். மிக நேர்மையாக எழுதப்பட்ட இரண்டு வரிக்கே முதலிடம்.

பெற்றோர்களே, இன்று மாலை உங்கள் பிள்ளை போனில் ஒரு படத்தைத் திருத்திக்கொண்டிருந்தால் “எப்பப் பாரு போன்தானா?” என்று கேட்பதற்கு முன், “இதுல என்ன மாத்தின, எனக்கும் காட்டு” என்று பக்கத்தில் உட்காருங்கள். பாடம் அங்கேயே தொடங்கிவிடும்.

அன்புடன்,
ஆசிரியர்